வெளிநாட்டு கிராமத்துக்கு வாலன்டியரா போகணுமா? பணம் கட்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

எங்க தெருவுல ஒரு பொண்ணு, பி.காம் கடைசி வருஷம், போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து "அக்கா, நீங்க நேபாள்ல ஒரு கிராமத்துல இருந்தீங்கல்ல, நானும் அந்த மாதிரி எங்கயாவது போகணும், எங்க அப்ளை பண்றது, எவ்ளோ ஆகும்"னு கேட்டா. பெரம்பூர்ல எங்க மொட்டை மாடில உக்காந்து பேச ஆரம்பிச்சோம், அம்மா ரெண்டு தடவை காபி கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாங்க, இருட்டினதுக்கு அப்புறமும் பேச்சு முடியல. அவகிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன், இந்த ஆசை இருக்கிற பசங்க நெறைய பேரை எனக்குத் தெரியும், யாரும் தப்பான எடத்துல பணத்தக் கட்டிடக் கூடாது.

மொதல்ல ஒரே ஒரு விஷயம். எந்த அமைப்பு மூலமா போனாலும் சரி, எந்த நாடா இருந்தாலும் சரி, பணம் கட்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட இதைக் கேளுங்க: "அந்த ஊர்ல நான் யார்கூட வேலை பாக்கப்போறேன்? அவங்க பேர் என்ன? போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவை பேச முடியுமா?" இவ்ளோதான். உண்மையாவே வேலை நடக்கிற எடமா இருந்தா அங்க ஏற்கனவே ஒரு ஆள் அந்த வேலையப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க போறது அவங்களுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு. நீங்க ஊருக்குத் திரும்பினதுக்கு அப்புறமும் அதை அவங்கதான் பாக்கப்போறாங்க. அந்த ஆளோட பேரையே சொல்ல முடியலன்னா அங்க வேலை இல்ல, உங்களுக்காக ஒரு வேலைய உண்டாக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இதை நான் எங்க கத்துக்கிட்டேன்னா, உதவி வாங்கிக்கிற பக்கத்துலேருந்து. எங்க அம்மா ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 சுனாமி வந்தப்போ எனக்கு ஒம்பது வயசு, ஜனவரில அம்மாகூட போனப்போ ரோட்டோரம் பழைய துணி மூட்டை மூட்டையா கெடந்துச்சு, அதுல ஸ்வெட்டர், கோட்டு எல்லாம் இருந்துச்சு, அந்த வெயில்ல அதை யார் போடறது, எடுக்க ஆளில்லாம அந்த மூட்டை மேல மாடு படுத்துக்கிட்டு இருந்துச்சு. அனுப்பினவங்க நல்ல மனசோடதான் அனுப்பியிருப்பாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எங்க பெரியம்மாவுக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது ஒரு கொடம், ஒரு ஸ்டவ்வு, பொம்பளைங்க மறைவா குளிக்க நாலு தட்டி. வந்து உக்காந்து "என்னம்மா வேணும்"னு கேட்டு அந்தத் தட்டியக் கட்டிக் குடுத்துட்டுப் போன ரெண்டு பசங்களை பெரியம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில நாமளே பாத்தோமே, மீனவங்க படகை லாரில ஏத்திட்டு வந்து ஜனங்களைக் காப்பாத்தினாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை அன்னிக்கு ஊருக்கு வேண்டிய வேலையா இருந்துச்சு.

என் கதைக்கு வரேன். 2018-ல எனக்கு 23 வயசு, அம்பத்தூர்ல ஒரு கம்பெனில டேட்டா என்ட்ரி பாத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல ஒரு ஏஜென்சி, பேர் வேண்டாம், ஆப்பிரிக்காவுல ரெண்டு வாரம், 1,20,000 ரூபா, டிக்கெட் தனி. அப்ளிகேஷன் பாரத்துல குழந்தைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றதா, ஸ்கூல் கட்றதா, ஆஸ்பத்திரில உதவி பண்றதா, எது வேணுமோ டிக் பண்ணுங்கன்னு இருந்துச்சு. எனக்கு அப்போ விவரம் தெரியாது, 10,000 அட்வான்ஸ் கட்டிட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, நான் ஸ்கூல் கட்டறதா, எனக்கு செங்கல் அடுக்கவே தெரியாதே. அங்க யார் டீச்சர்னு கேட்டேன், "போனதும் தெரியும் மேடம்"னு பதில். நான் தங்கப்போற வீட்டுக்கு இந்தப் பணத்துல எவ்ளோ போகும்னு கேட்டேன், அதுக்கு பதிலே வரல. அட்வான்ஸும் திரும்ப வரல.

அடுத்து, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு மூலமா காத்மாண்டுல ஒரு சின்ன அமைப்பு. அவங்க பாரம் எதுவும் அனுப்பல, நுவாகோட் மாவட்டத்துல ஒரு அரசாங்க ஸ்கூல் டீச்சரை போன்ல பேச வெச்சாங்க. அந்த மிஸ் கேட்ட மொதல் கேள்வி, அரைகுறை இங்கிலீஷ்லதான், "உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?" எனக்கு அந்தக் கேள்வியோட அருமை அன்னிக்குப் புரியல.

நுவாகோட் காத்மாண்டுக்கு வடமேற்குல இருக்கு, 2015 ஏப்ரல் 25 பூகம்பத்துல ரொம்ப அடிபட்ட மாவட்டங்கள்ல ஒண்ணு, நான் 2018 நவம்பர்ல போனப்போ ஸ்கூலைப் புதுசா கட்டியிருந்தாங்க, பக்கத்துலயே பழைய கட்டடத்தோட கல்லு இன்னும் குவிச்சு கெடந்துச்சு. நான் ஆசைப்பட்டு போனது இங்கிலீஷ் சொல்லித் தர, அதனால மொத ரெண்டு வாரம் நாலாங்கிளாஸ்ல அதையே பண்ணேன். பசங்க நான் சொன்னதை அப்படியே கோரஸா திருப்பிச் சொன்னாங்க, சந்தோஷமா இருந்துச்சு, ஆனா நான் கிளாஸ்ல இருக்கிற நேரமெல்லாம் அந்த மிஸ் வெளிய நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்ட்டு மெதுவா சொன்னாங்க, பஹினி, நீ பிப்ரவரில போயிடுவ, நீ விட்ட எடத்துலேருந்து நான் ஆரம்பிக்க முடியாது, என் புத்தகத்துல வேற பக்கம். பஹினின்னா தங்கச்சி. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் அவங்க ஸ்டீல் பீரோவத் தொறந்து ரிஜிஸ்டர் எல்லாம் எடுத்துக் காட்டினாங்க. பசங்க பேரு, பொறந்த தேதி, அப்பா அம்மா பேரு, வருகை, மார்க்கு, எல்லாம் கையெழுத்துல, இதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி மேல அனுப்பணும், ஸ்கூல்ல லேப்டாப் இருக்கு, தெரிஞ்ச ஆள் இல்ல, ஹெட்மாஸ்டர் மூணு மணி நேரம் எறங்கிப் போய் பஜார்ல ஒரு கடைல காசு குடுத்து டைப் பண்ணிட்டு வராரு. நான் எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன், பொறந்த தேதியப் போட்டா வயசு தானா வர்ற மாதிரி. மொத பேருக்கே வயசு மைனஸ்ல வந்துச்சு. ஏன்னா நேபாள்ல விக்ரம சம்வத் நாள்காட்டி, நம்ம கணக்கைவிட சுமார் 57 வருஷம் முன்னாடி ஓடுது, 2066-ல பொறந்தவனை எக்செல் இன்னும் பொறக்கவே இல்லன்னு நெனச்சுக்குச்சு. அடுத்து ஒரு பொண்ணு அசார் மாசம் 32-ம் தேதி பொறந்தவ. எக்செல் அந்தத் தேதியத் தேதியாவே ஏத்துக்கல. நம்ம ஆனி மாசம் கூட 32 நாள் வரும்ல, அதே மாதிரிதான். அப்புறம் வருஷம், மாசம், நாள் மூணையும் தனித்தனி கட்டத்துல போட்டு, அவங்க வருஷக் கணக்குலயே கழிச்சு வயசு வர்ற மாதிரி மாத்தினேன். அதுக்கு அப்புறம் இருந்த பத்து வாரமும் நான் டைப் பண்ணவே இல்ல, மிஸ் டைப் பண்ணாங்க, நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். மொத நாள் நாலு பேர் ஏத்த ஒரு மணி நேரம் ஆச்சு, ஜனவரி கடைசில ஒரு கிளாஸையே ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டாங்க.

எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, நீங்க இப்போ அன்னாடம் பண்ற வேலை, உங்களுக்கு சாதாரணமா தெரியற வேலை, அதுதான் அங்க உதவும். அக்கவுன்ட்ஸ், டைப்பிங், பைக் மெக்கானிக் வேலை, தையல், ப்ளம்பிங், எதுவா இருந்தாலும். உங்களுக்குத் தெரியாத வேலைய அங்க போய் கத்துக்கிறேன்னு போகாதீங்க.

எதைத் தொடவே கூடாது

குழந்தைகள் ஹோம். இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். கம்போடியாவுல டூரிஸ்ட்டும் வாலன்டியரும் வர வர அனாதை இல்லங்களும் பெருகிக்கிட்டே போச்சு, யுனிசெஃப் அதைப் பத்தி எச்சரிக்கை பண்ணிச்சு, உள்ள இருந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க. நேபாள்லயும் இந்தக் கதை உண்டு, உங்க பிள்ளையப் படிக்க வைக்கிறோம்னு மலை கிராமத்துலேருந்து கூட்டிட்டு வந்து காத்மாண்டு, போக்ரா மாதிரி டூரிஸ்ட் வர்ற எடத்துல ஹோம்ல வெக்கிறது. ஆஸ்திரேலியா 2018-ல கொண்டுவந்த நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டத்தோட சேர்த்து இதையும் ஆள் கடத்தல்னே பேசினாங்க. இதைத் தவிர இன்னொண்ணு இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சிட்டு, அழுதுட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனா அந்தப் பிள்ளை என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டுப் பிள்ளைய அப்படி விடுவோமா?

ஆஸ்பத்திரி வேலை. சென்னையில ஜிஹெச்-ல போய் நீங்க ஊசி போட முடியாதுன்னா அங்கயும் போடக் கூடாது, ப்ரெஷர் பாக்கறது, கட்டு கட்றது எதுவும். நர்ஸிங் முடிச்சிருந்தா அது வேற விஷயம், அப்பவும் அந்த நாட்டு அனுமதி வாங்கணும்.

கட்டட வேலைன்னு சொன்னா, அந்த ஊர் கொத்தனாருக்கு அந்த வேலையும் கூலியும் போகுதான்னு கேளுங்க. போகலன்னா வேண்டாம்.

எந்த வழியா போறது

ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம், யுஎன்வி, 1970-ல ஆரம்பிச்சது, ஆபீஸ் ஜெர்மனில பான் நகரத்துல. இதுல 18-லேருந்து 26 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு தனியா ஒரு பிரிவு இருக்கு, செலவுக்கு அவங்களே மாசப்படி தருவாங்க, நீங்க பணம் கட்ட வேண்டியதில்ல, ஆனா போட்டி அதிகம், ஒரு தடவை கெடைக்கலன்னு விட்டுடாதீங்க. அவங்க ஆன்லைன் வாலன்டியரிங்கும் நடத்தறாங்க, வீட்டுலேருந்தே மொழிபெயர்ப்பு, டிசைன், டேட்டா வேலை எல்லாம் பண்ணலாம். பாஸ்போர்ட் கூட இல்லாதவங்க இதுலேருந்து ஆரம்பிக்கலாம், உங்களுக்கும் இது ஒத்துவருமான்னு தெரிஞ்சுடும்.

ஒர்க் கேம்ப்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மூணு வாரம், பல நாட்டுப் பசங்க சேர்ந்து உள்ளூர் ஜனங்களோட ஒடம்பு வேலை பண்றது. சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்னு ஒரு அமைப்பு இதை 1920-லேருந்து பண்ணுது, மொத உலகப் போர்ல அழிஞ்சுபோன ஒரு பிரெஞ்சு கிராமத்தத் திரும்பக் கட்டப் போனதுதான் ஆரம்பம். அதை ஆரம்பிச்ச பியர் செரிசோல்ங்கிற சுவிஸ்காரர் 1934 பூகம்பத்துக்கு அப்புறம் பீகாருக்கே வந்து கிராமங்களைத் திரும்ப எழுப்பற வேலை பாத்திருக்காரு. நேபாளையும் பீகாரையும் சேர்த்து உலுக்கின பூகம்பம் அது, நுவாகோட்ல வயசானவங்க இன்னும் தொண்ணூறு சாலுன்னு சொல்லுவாங்க, அவங்க கணக்குல 1990-ம் வருஷம். இந்தியாவுலயும் இந்த அமைப்புக்குக் கிளை இருக்கு.

காலேஜ் பசங்களுக்கு ஐசெக்ங்கிற மாணவர் அமைப்பு தெரிஞ்சிருக்கும், சென்னையிலயும் இருக்காங்க, ஆறிலேருந்து எட்டு வாரம், 18-லேருந்து 30 வயசு வரைக்கும். எல்லாமே கிராமம் கெடையாது, டவுன்லயும் இருக்கும், அதனால எடம் எதுன்னு பாத்து எடுங்க. இயற்கை விவசாயப் பண்ணைல வேலை பாத்துட்டு சாப்பாடும் தங்க எடமும் வாங்கிக்கிற வூஃப் மாதிரி வழியும் இருக்கு, விவசாயம் கத்துக்க நல்லது, அதை சேவைன்னு நெனச்சுப் போக வேண்டாம்.

விசா விஷயத்துல அஜாக்கிரதை கூடாது. டூரிஸ்ட் விசால போய் வாலன்டியர் வேலை பாக்கறது நெறைய நாட்டுல சட்டப்படி தப்பு, சம்பளம் வாங்கலன்னாலும் வேலை வேலைதான்னு கணக்கு. "எல்லாரும் டூரிஸ்ட்லதான் போறாங்க, ஏர்போர்ட்ல கேட்டா சுத்திப்பாக்க வந்தேன்னு சொல்லுங்க"ன்னு ஒரு அமைப்பு சொல்லிச்சுன்னா அந்த எடத்துலயே விட்டுடுங்க, மாட்டினா டிபோர்ட் ஆகறது நீங்கதான், அவங்க இல்ல.

நம்ம பசங்களுக்கு நான் சொல்ற இன்னொரு எடம் இலங்கை மலையகம். நுவரெலியா, ஹட்டன், பதுளை பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கிறவங்க இங்கேருந்து போனவங்களோட வாரிசு, 2023-ல 200 வருஷம்னு நினைவு கூர்ந்தாங்க. 1964-ல இலங்கை, இந்திய பிரதமருங்க போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சு, அவங்களைக் கேக்காமலேயே. மொழி தெரியும்ங்கிறதால மொத நாள்லேருந்தே வேலை பாக்கலாம், அது பெரிய விஷயம். ஆனா நம்ம தமிழ்தானேன்னு அவங்க பேச்சத் திருத்தாதீங்க, அவங்க கொழுந்து (பறிக்கிற தேயிலை), லயம் (வரிசை வீடு), தொரைன்னு (தோட்ட மேனேஜர்) சொல்றதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு, கேட்டுக்கங்க. அங்கயும் போறதுக்கு முன்னாடியே சரியான விசா என்னன்னு அந்த அமைப்புகிட்ட எழுத்துல வாங்கிக்கங்க.

சென்னையில முடிக்க வேண்டிய வேலைங்க

பாஸ்போர்ட் இல்லன்னா இன்னிக்கே அப்ளை பண்ணுங்க, சென்னையிலயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு, 36 பக்கத்துக்கு 1,500 ரூபா, தட்கல்னா அதுக்கு மேல இன்னொரு 2,000. பத்தாவது பாஸ் சர்டிபிகேட் கொண்டுபோங்க, அப்போதான் ஈசிஆர் முத்திரை (சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்னு போடறது) இல்லாம கெடைக்கும். குழந்தைங்க இருக்கிற எடத்துல வேலைன்னா போலீஸ் க்ளியரன்ஸ் சர்டிபிகேட் கேப்பாங்க, அதுவும் பாஸ்போர்ட் சைட்லயே அப்ளை பண்ணலாம், 500 ரூபா. கேக்காத அமைப்பு மேலதான் எனக்கு சந்தேகம் வரும்.

நேபாளுக்கு நமக்கு விசா வேண்டாம், ப்ளைட்ல போக பாஸ்போர்ட்டோ ஓட்டர் ஐடியோ போதும். ஆதார் செல்லாது, ஆதாரை மட்டும் நம்பி ஏர்போர்ட் வரைக்கும் போய் நிக்காதீங்க. காசு, ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபா, இது நெலையான ரேட்டு, அங்க ஐசின்னா இந்திய ரூபா, விலை சொல்லும்போது ஐசியா நேபாளியான்னு கேட்டுக்கங்க. நான் அங்க இருந்தப்பதான், 2018 டிசம்பர்ல, 100 ரூபாய்க்கு மேல இருக்கிற இந்திய நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க, என் பைல இருந்த 500 நோட்டு எல்லாம் சென்னை திரும்பற வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. இந்த ரூல் மாறிக்கிட்டே இருக்கு, போறப்போ என்ன நெலமைன்னு பாத்துட்டு, எதுக்கும் 100 நோட்டா வெச்சுக்கங்க.

கென்யா, உகாண்டா, கானா மாதிரி நாடுன்னா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். இது மஞ்சக்காமாலை இல்ல, வேற. எல்லா ஆஸ்பத்திரிலயும் போட மாட்டாங்க, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல, இல்ல துறைமுக சுகாதார அலுவலகத்துல முன்கூட்டியே கேட்டுட்டுப் போகணும். போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லும், அதுக்கு அப்புறம் ஆயுசுக்கும் செல்லும். அந்த மஞ்சள் கார்டு இல்லாம அந்த நாட்டுலேருந்து திரும்பினா நம்ம ஏர்போர்ட்லயே புடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிடுவாங்க. மலேரியா மாத்திரை, நாய்க்கடி ஊசி இதெல்லாம் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது மலைலேருந்து ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற செலவு அதுல வருமான்னு படிச்சுப் பாருங்க.

போற தேதிய அந்த ஊர் நாள்காட்டியப் பாத்துத்தான் முடிவு பண்ணணும், உங்க செமஸ்டர் லீவைப் பாத்து இல்ல. நேபாள்ல நம்ம நவராத்திரி சமயத்துல தசைன், அடுத்து திகார், ஸ்கூல் நாள் கணக்கா லீவு. ஜூன்லேருந்து செப்டம்பர் மழை, மண்சரிவுல ரோடு போயிடும். படிப்பு வருஷம் நம்ம சித்திரை பொறக்கிற அதே ஏப்ரல் நடுவுலதான் ஆரம்பிக்குது. நான் நவம்பர் நடுவுல போய் பிப்ரவரி நடுவுல வந்தேன், குளிர் தாங்கணும், ஆனா வேலை நடக்கும்.

காலேஜ்ல என்எஸ்எஸ் இருந்தா அந்த ஏழு நாள் கேம்ப்புக்கு மொதல்ல போங்க. திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமத்துல ஏழு நாள் இருக்க முடியலன்னா மூணு மாசம் எங்கயும் இருக்க முடியாது.

வீட்டுல சம்மதம் வாங்கறது பத்தி அந்தப் பொண்ணு ரொம்ப கவலைப்பட்டா. எங்க அப்பா ஒரு மாசம் பேசவே இல்ல. மாறினது எப்படின்னா, நான் தங்கப்போற வீட்டு அம்மாவும் எங்க அம்மாவும் வீடியோ கால்ல பேசினாங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழியும் கெடையாது, அவங்க அடுப்பைக் காட்டினாங்க, எங்க அம்மா அடுப்பைக் காட்டினாங்க, அவங்க ஒரு பாத்திரத்துல மாவைக் காட்டி "கோடோ, கோடோ"ன்னாங்க, எங்க அம்மா ஓடிப்போய் கேழ்வரகு மாவு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாங்க. அதேதான். அன்னிக்கு ராத்திரி அம்மாவே அப்பாகிட்ட பேசிட்டாங்க. அதனால அமைப்புகிட்ட அந்த வீட்டுக்காரங்களோட ஒரு கால் போட்டுத் தரச் சொல்லுங்க.

ஊர்ல இருக்கிறப்போ

மொழில ஒரு இருபது வார்த்தையாவது கத்துக்கிட்டுப் போங்க. நேபாளில அம்மாவுக்கு ஆமா, அக்காவுக்கு தீதி, அண்ணனுக்கு தாய்னு காதுல விழும், மொத வாரம் பூரா யாரோ அண்ணனைத் தாய்னு கூப்புடறப்போ நான் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். நம்ம மாதிரியே வினைச்சொல் கடைசில, நம்ம மாதிரியே நீ, நீங்க வித்தியாசம் உண்டு, பெரியவங்களை தபாய்னுதான் சொல்லணும். வழில பாத்தா "கானா கானுபயோ?"ன்னு கேப்பாங்க, சாப்டீங்களான்னு. இதுக்கு மேல என்ன வேணும் நமக்கு.

சாப்பாடு காலைல பத்து மணிக்கு, ராத்திரி ஏழு மணிக்கு, சோறும் பருப்பும். நடுவுல கொஞ்சம் நொறுக்கு. டீடோன்னு போடுவாங்க, அது நம்ம கேழ்வரகு களியேதான், கீரைய புளிக்க வெச்சு காயப்போட்ட குந்த்ருக் குழம்பு தொட்டுக்க. எச்சில் பாக்கறதும் உண்டு, ஜூட்டோன்னு பேரு, அடுத்தவங்க தட்டுல கை வெக்கக் கூடாது, கேக்காம சமையக்கட்டுக்குள்ள போகக் கூடாது. மொத நாள் நான் சொம்புல வாய் வெக்காம அண்ணாந்து தண்ணி குடிச்சதைப் பாத்துட்டு நான் தங்கின வீட்டு ஆமா சிரிச்சாங்க பாருங்க, அதுக்கு அப்புறம்தான் என்னை வீட்டுப் பொண்ணா நடத்தினாங்க.

பொண்ணுங்களுக்கு ஒரு விஷயம், யாரும் சொல்லித் தராதது. அந்த வீட்டுல பீரியட்ஸ் நாள்ல சமையக்கட்டு, சாமி எடம் ரெண்டுக்கும் போகக் கூடாது. எங்க பாட்டி வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு, எனக்கு அதுல உடன்பாடு கெடையாது, ஆனா அவங்க வீடு, அவங்க அடுப்பு, நான் முன்கூட்டியே சொல்லிட்டு ஒதுங்கி இருந்தேன். ஆனா நேபாள் தூர மேற்குல சில ஊர்ல தனி குடிசைல படுக்க வெக்கிற சாவ்படி பழக்கம் இருக்கு, குளிர்லயும் பாம்பு கடிச்சும் பொண்ணுங்க செத்திருக்காங்க, 2017-ல சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கிட்டாங்க. எங்கயாவது உங்களை அப்படி படுக்கச் சொன்னா மரியாதையா முடியாதுன்னு சொல்லிட்டு அமைப்புக்கு போன் போட்டு எடத்த மாத்திக்கங்க. நாப்கின் மூணு மாசத்துக்கு இங்கேருந்தே எடுத்துட்டுப் போங்க.

போட்டோ, பெரியவங்கன்னா அவங்களைக் கேட்டு, பசங்கன்னா அப்பா அம்மாவைக் கேட்டு. மூக்கொழுகற பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. சாக்லேட், பேனா வாங்கிட்டுப் போய் ரோட்டுல பசங்களுக்குக் குடுக்கறதும் வேண்டாம், குடுக்கணும்னு தோணினா ஸ்கூல்ல மிஸ்கிட்ட குடுங்க, அவங்களுக்கு யாருக்கு என்ன இல்லன்னு தெரியும். காசு கடன் கேட்டா என்ன சொல்றதுன்னு போறதுக்கு முன்னாடியே மனசுல முடிவு பண்ணிக்கங்க, அங்க போய் யோசிச்சா ரொம்ப கஷ்டமா இருக்கும்.

கெளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வேலைலேருந்து கையெடுத்துடுங்க. நான் அதைத்தான் பண்ணேன், கடைசி ரெண்டு வாரம் லேப்டாப்பத் தொடல, மிஸ் எங்க தடுமாறறாங்கன்னு மட்டும் பாத்து, அதை நேபாளில அவங்க கையாலேயே ஒரு நோட்டுல எழுத வெச்சேன், பாஸ்வேர்ட் உட்பட. திரும்ப வரேன்னு பசங்ககிட்ட வாக்கு குடுக்காதீங்க, போக முடியும்னு உறுதியா தெரிஞ்சாலொழிய.

அந்தப் பொண்ணு மூணு அமைப்புக்கு மெயில் போட்டா, மேல சொன்ன அதே கேள்விய எழுதி. ஒருத்தர்கிட்டேருந்து கலர் கலரா ப்ரோஷர் வந்துச்சு, ஒருத்தர் பதிலே போடல. மூணாவது எடத்துலேருந்து நாலே வரி, பதுளை பக்கம் ஒரு தோட்டத்துல சாயங்கால வகுப்பு நடத்தற டீச்சரோட பேரு, அவங்க வாட்ஸ்அப் நம்பர், ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்புடுங்க, அவங்களும் பேசணும்னாங்கன்னு. நேத்து மாடில உக்காந்து அவங்ககிட்ட என்ன கேக்கறதுன்னு எழுதினோம்: இப்போ எத்தனை பிள்ளைங்க வராங்க, நீங்க மட்டும் தனியா பாக்கறீங்களா, எந்த வேலை உங்களுக்கு ரொம்ப நேரம் இழுக்குது, நான் எந்த மாசம் வந்தா உங்களுக்கு தொந்தரவு இல்லாம இருக்கும், எனக்கு அக்கவுன்ட்ஸும் டாலியும் தெரியும், அது எதுக்காவது உதவுமா.